தனித்தனி இடங்களில் ஒரே பணிமனை

(எமது பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொலைவிலிருந்து பணிபுரிவோரிடையே நல்ல பணிச்சூழலை எப்படி உருவாக்கலாம் என்று பேசும்படி விழாக் குழுவினர் கேட்டிருந்தார்கள். கணினித் துறையிலும் வங்கித் துறையிலும் உயர் பதவி வகிக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர் இருக்க, கிராமம் கிராமமாக அலையும் சுகாதாரத் துறையினரான எங்களிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது இத்தலைப்பு எங்களுக்கு உரியதுதான் என்று விளங்கியது. வீட்டில் இருந்து வேலை செய்வதைக் கொரோனாக் காலத்தில்தான் பலர் அறிந்துகொண்டார்கள். ஆனால் பணிமனைக் கதிரையில் அமராமல், மேலதிகாரியின் கண்பார்வைக்கு அப்பால், தனியாக நின்று வேலை செய்யும் ஒரு பெரிய குழு இந்த நாட்டில் நீண்ட காலமாகவே இருக்கிறது. அவர்கள்தான் நாம் "மிஸ்" என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள். எமது அம்மாமார் அவர்களை மருத்துவமாது என்றார்கள்.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் அதற்கு உதவியது. நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராமல், ஒரு குறித்த நிலப்பரப்பில் வாழும் எல்லா மக்களின் நலத்துக்கும் ஒரு வைத்திய அதிகாரியும் அவரது களக் குழுவும் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. இன்று நாடெங்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இதே முறையில் இயங்குகின்றன. எமது சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் வேளையில் அந்த முறைக்கும் நூறு வயதாகிறது.

1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண் 40க்கும் குறைவு. இதற்குக் காரணங்கள் பல: இலவசக் கல்வி, மலேரியாக் கட்டுப்பாடு, குருதி வங்கி, புதிய மருந்துகள், ஊர்தோறும் வைத்தியசாலைகள். ஆனாலும் இவை எல்லாவற்றையும் ஒரு தாயின் வீட்டு வாசலோடு இணைத்தவர் மருத்துவமாதுதான்.

அவருடைய வேலைநாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவரது பிரிவில் 3000 முதல் 5000 பேர் வரை இருக்கலாம். காலையில் ஸ்கூட்டரில் புறப்படுகிறார். ஒரு வீட்டில் கர்ப்பிணித் தாய். அடுத்த வீட்டில் பிரசவித்துப் பத்து நாளான தாயும் குழந்தையும். இன்னொரு வீட்டில் நிறை கூடாத பிள்ளை. வேறொரு வீட்டில் கணவனின் குடியால் வாய் திறக்க அஞ்சும் பெண். கிளினிக் நாட்களைத் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் தனியாகவே இருக்கிறார். வன்னியில் அவர் போகும் பாதை காட்டோரப் பாதையாக இருக்கலாம். நெடுந்தீவிலோ அனலைதீவிலோ காற்று எழும்பிப் படகு ஓடாவிட்டால், அன்றைக்கு அவருக்கு அக்கரையிலிருந்து எவரும் வரமுடியாது. எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார், என்ன கேட்டார், என்ன சொன்னார் என்பதை எவரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவர் பதிவேட்டில் எழுதுவதும் வாயால் சொல்வதுமே எங்களுக்குத் தெரியும்.

ரொறன்ரோவில் வீட்டின் நிலக்கீழ் அறையில் கணினி முன் இருக்கும் எமது தங்கையின் நிலையும் இதுதான். இலண்டனில் சமையலறை மேசையில் கணக்குப் பார்க்கும் அக்காவின் நிலையும் இதுதான். ஆகவே எங்கள் களத்தில் கற்றவற்றில் சில உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறோம்.

தொலைவில் பணிபுரியும் குழுவின் பண்பாடு நல்லதா என்று அறிய நாங்கள் ஒரு கேள்வியைத்தான் கேட்பதுண்டு. கெட்ட செய்தி மேலே வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது? சிரித்த முகப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் எந்தக் குழுவிலும் இருக்கும். கெட்ட செய்தி விரைவாக வரும் குழு எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

ஏன் இந்தக் கேள்வி என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். 32 வாரக் கர்ப்பிணி ஒருவர் தலையிடிக்கிறது, கண் மங்கலாக இருக்கிறது என்கிறார். முகம் வீங்கியிருக்கிறது. இரத்த அழுத்தம் 160க்கு 110. வலிப்பு எந்த நேரமும் வரலாம். தாயையும் சேயையும் ஒருங்கே இழக்கலாம். உடனே வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். இதில் மருத்துவமாதுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. அவர் படித்தவர், அனுபவசாலி. ஆனால் சென்ற வாரம் பார்க்கவேண்டிய இந்தத் தாயை அவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பிரிவுக்கும் அவரே பதில் கடமை செய்வதால் நேரம் கிடைக்கவில்லை. இப்போது பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தால் முதலில் வரும் கேள்வி எது? "தாய் எப்படி இருக்கிறா? அம்புலன்சுக்குச் சொல்லியாச்சா?" என்பதா? "போன கிழமை ஏன் போகேல்ல?" என்பதா? இரண்டாவது கேள்விதான் வரும் என்று தெரிந்த ஒருவரின் கை, தொலைபேசியை எடுக்க ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தின் விலை ஒரு உயிராக இருக்கலாம்.

ஒரே கட்டடத்தில் வேலை செய்தால் முகம் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கிறீர்" என்று கேட்டுவிடலாம். தூரத்தில் இருப்பவரிடம் அந்த வாய்ப்பு இல்லை. அவராகச் சொன்னால்தான் உண்டு. எனவே தொலைவில் பணிபுரிவோரிடையே நல்ல பண்பாடு என்பது, அவராகச் சொல்லக்கூடிய துணிவை அவருக்குக் கொடுப்பதுதான்.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க வைத்தியசாலை விடுதிகளில் மருந்து வழங்குவதில் ஏற்படும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளோ மறுதலையாக இருந்தன. நல்ல குழுக்களில்தான் கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடியபோது, அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசுகின்றன என்பது தெரிந்தது. 1999இல் வெளியான அவரது கட்டுரைக்குப் பின்னர் "உளவியல் பாதுகாப்பு" என்ற சொல் முகாமைத்துவத் துறையில் பரவலானது. முறைப்பாடே வராத குழுவைக் கண்டால் மகிழ்ச்சியடைய முன்னர் சற்று யோசிக்கவேண்டும் என்பதே இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

இந்தத் துணிவை எப்படி வளர்ப்பது? எங்கள் துறையில் பயன் தந்தவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, மாதாந்தக் கூட்டம். மாதத்தில் ஒரு நாள் எல்லாக் கள உத்தியோகத்தர்களும் பணிமனையில் கூடுவார்கள். புள்ளிவிபரங்களை ஒப்படைப்பது அதன் உத்தியோகபூர்வ நோக்கம். இப்போது புள்ளிவிபரங்கள் கணினி வழியாகவே போகின்றன; அப்படியானால் கூட்டம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எண்களைக் கணினி கொண்டு சேர்க்கும். ஆனால் "அந்த வீட்டில ஏதோ சரியில்லை டொக்டர், என்னெண்டு சொல்லத் தெரியேல்ல" என்ற வசனத்தை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது. அது பெரும்பாலும் கூட்டம் முடிந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போதுதான் வெளிவரும். ஆகவே கூட்டத்தை எண்களோடு தொடங்காமல், களத்தில் கண்டதோடு தொடங்குவது நல்லது. எல்லோரும் பேசுமட்டும் தலைமை வகிப்பவர் தமது கருத்தைச் சொல்லாதிருப்பது இன்னும் நல்லது. இணையவழிக் கூட்டத்துக்கும் இது பொருந்தும். கூட்டத்தின் முதற் பத்து நிமிடத்தை யார் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் குழுவின் பண்பாடு தெரிந்துவிடும்.

இரண்டாவது, மேற்பார்வை. களத்துக்குப் போகும் மேற்பார்வை உத்தியோகத்தர் பிடிக்கப் போகிறாரா, பிடித்துக்கொடுக்கப் போகிறாரா? பிழை பிடிக்கப் போகிறவர் பதிவேட்டைத் திறந்து வெற்றுக் கட்டங்களைத் தேடுவார். கைகொடுக்கப் போகிறவர், "உமக்கு ஆகக் கஷ்டமான வீடு எது? வாரும், ரெண்டு பேருமாய்ப் போவம்" என்பார். இருவரிடமும் இருப்பது ஒரே படிவந்தான். முன்னவர் திரும்பிச் சென்ற பின் அடுத்த மாதம் பதிவேடு அழகாக நிரம்பியிருக்கும். பின்னவர் திரும்பிச் சென்ற பின் அடுத்த மாதம் தொலைபேசி அழைப்பு வரும். வீட்டில் இருந்து பணிபுரிவோரின் கணினி விசைகளை எண்ணும் மென்பொருட்களைச் சில நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. விசைகளை எண்ணினால் விசைகள்தான் கூடும்.

மூன்றாவது, ஒரு துயரம் நிகழ்ந்த பின் நாங்கள் நடந்துகொள்ளும் முறை. இந்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, களத்திலும் வைத்தியசாலையிலும் தேசிய மட்டத்திலும் ஆராயப்படுகிறது. குடும்ப சுகாதாரப் பணியகம் வழிநடத்தும் இந்த மீளாய்வின் நோக்கம் குற்றவாளியைத் தேடுவதன்று. அடுத்த தாயைக் காப்பது. தீர்மானிப்பதில் தாமதமா, வைத்தியசாலையைச் சென்றடைவதில் தாமதமா, சென்றடைந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதமா என்று கேட்கப்படும். ஏட்டில் உள்ள இந்தக் கொள்கை எல்லா அறைகளிலும் ஒரே விதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று சொல்ல மாட்டோம். குரல் உயர்ந்த கூட்டங்களும் உண்டு. அழுதுகொண்டு வெளியேறிய உத்தியோகத்தர்களும் உண்டு. அப்படி ஒருவர் அழுதுகொண்டு வெளியேறினால், அதைப் பார்த்திருந்த இருபது பேரும் வாயை மூடக் கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். இறந்த தாயை மாதக்கணக்காகப் பார்த்தவர் மருத்துவமாது. அந்த வீட்டில் தேநீர் குடித்தவர். செத்த வீட்டுக்குப் போகவேண்டியவரும் அவரே. எஞ்சிய குழந்தையை நிறுக்கப் போகவேண்டியவரும் அவரே. அந்த முதல் நாளில் அவரைத் தனியே அனுப்பாமல் பணிமனையில் இருந்து ஒருவர் கூடப் போகவேண்டும். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, செலவும் இல்லை. உங்கள் துறையில் உயிர் போகாதிருக்கலாம். ஆனால் பெரிய ஒப்பந்தம் கைநழுவும், திட்டம் தோற்கும், ஆட்குறைப்பு வரும். அந்தச் செய்தியைத் தனி அறையில் திரையில் வாசித்துவிட்டு இருக்கும் பெண்ணுக்கு அன்றைக்கு யார் தொலைபேசி எடுக்கிறார்கள் என்பதுதான் அந்த நிறுவனத்தின் பண்பாடு.

நான்காவது, கைத்தொலைபேசி. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு போடப்பட்டுக் கிளினிக்குகள் நின்றபோது, தாய்மாரோடு தொடர்பை அறுக்காமல் வைத்திருந்தது தொலைபேசிதான். 2022இல் பெற்றோல் இல்லாமல் ஸ்கூட்டர்கள் நின்றபோதும் அதுவே கைகொடுத்தது. அந்த நன்றியை மறக்கவில்லை. ஆனால் அதே தொலைபேசி இரவு பத்து மணிக்கு "நாளை காலை எட்டு மணிக்கு முன் அறிக்கை தேவை" என்றும் சொல்கிறது. அறிக்கை அனுப்பாதவர்களின் பெயர்களை முழுக் குழுவும் பார்க்க வட்ஸ்அப்பில் இடுகிறது. பெயர் இடப்பட்டவர் அடுத்த முறை அறிக்கையை நேரத்துக்கு அனுப்புவார். அது சரியான அறிக்கைதானா என்பது வேறு விடயம்.

ஆகவே எங்களுக்குள் சில எளிய ஒழுங்குகள் நல்லவை. பாராட்டைப் பலர் முன்னிலையில் சொல்லவேண்டும். திருத்தத்தைத் தனியாக, எழுத்தால் அல்லாமல் குரலால் சொல்லவேண்டும். எழுத்தில் வரும் சிறு வசனம் வாசிப்பவரின் பயத்துக்கேற்பக் கடுமையாகிவிடும். அவசரமானால் அழைக்கவேண்டும்; அழைப்பு வராவிட்டால் அவசரமில்லை என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். பிற நாடுகளில் இது சட்டமாகவே வந்துவிட்டது. பிரான்சில் 2017 ஜனவரி முதல் வேலைநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை நடைமுறையில் உள்ளது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 25 பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் நிறுவனங்கள் இதுபற்றி எழுத்துமூலக் கொள்கை வைத்திருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்டில் இவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. அங்கெல்லாம் வாழும் சகோதரிகள் தங்கள் உரிமையை அறிந்துவைத்திருங்கள். உங்கள் கீழ்ப் பணிபுரிவோரின் உரிமையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஐந்தாவது, வேலைப் பங்கீடு. வெற்றிடங்கள் நிரப்பப்படாமல் ஒருவரே இரண்டு பிரிவுகளைப் பார்க்கும்போது, நேர்மறைச் சிந்தனை பற்றிக் கருத்தரங்கு வைத்துப் பயனில்லை. களைத்தவருக்குத் தேவை ஓய்வும் ஆளும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2022இல் வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி வெளியிட்ட அறிக்கை, தனிமை, மனச்சோர்வு, கண் களைப்பு, வீட்டு வன்முறை ஆகிய ஆபத்துகளைச் சுட்டிக்காட்டியது. இவற்றைக் குறைக்கும் பொறுப்பு தனியே ஊழியரின் மனவுறுதியில் தங்கியதன்று. வேலையை ஒழுங்குபடுத்துபவரின் கடமையும் ஆகும். எங்களால் உடனே ஆளைத் தரமுடியாவிட்டாலும் ஒன்றைச் செய்யலாம். இரண்டு பிரிவு பார்ப்பவரிடம் எதைச் செய்யாமல் விடலாம் என்று நாங்களே எழுத்தில் சொல்லலாம். எதை விடுவது என்ற பாரத்தையும் அவர் தலையில் ஏற்றக்கூடாது.

சகோதரிகளே, இனி எமது சங்கத்துக்கு வருவோம். சம்பளம் இல்லாவிட்டாலும் இதுவும் தொலைவில் பணிபுரிவோரின் குழுதான். வெவ்வேறு நாடுகளில் கிளைகள். ஊரில் ஒரு செயற்குழு. பாடசாலை வளவில் அலைந்து வேலை பார்ப்பவர்கள் சிலர். அந்தச் சிலருக்கும் வெளிநாட்டில் உள்ள எங்கள் உறவுகளுக்கும் இடையே கெட்ட செய்தி எவ்வளவு வேகமாகப் பயணிக்கிறது?

அனுப்பிய கணினிகளில் சில பழுதாகிவிட்டால், புலமைப்பரிசில் பெறும் பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டால், கொடுத்த பணத்தைவிடத் தேவை வேறாக இருந்தால், ஊரில் இருப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்கிறார்களா? அல்லது "எல்லாம் நல்லாப் போகுது அக்கா" என்று ஒரு படத்தோடு அனுப்பிவிடுகிறார்களா? கொடுப்பவர் மனம் நோகக்கூடாது, அடுத்த முறை உதவி நின்றுவிடக்கூடாது என்ற அச்சம் நியாயமானதுதான். அந்த அச்சத்தைப் போக்கவேண்டியவர்கள் கொடுக்கும் கையை உடையவர்களே. "என்ன சரிவரேல்ல?" என்று நாமாகவே கேட்கவேண்டும். பதில் வந்தால் முதல் வார்த்தை "நன்றி" என்று இருக்கவேண்டும். இங்கே இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால், இந்த மார்கழி, தை மாதங்களில் இலண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30, மெல்பேர்ணில் நள்ளிரவு தாண்டி 1.30. ஒவ்வொரு முறையும் ஒரே கிளையே தூக்கத்தைத் தியாகம் செய்யாதபடி நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதும் மரியாதையே.

புதிதாகப் புலம்பெயர்ந்து, தெரியாத நகரில் ஒற்றை அறையில் இருந்து இரவு வேலை செய்யும் இளைய பழைய மாணவிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய நிறுவனம் அவர்களுக்குத் தொலைபேசி எடுக்காமல் இருக்கலாம். சங்கம் எடுக்கலாம். ஒவ்வொரு கிளையும் கடந்த ஓராண்டில் வந்து சேர்ந்தவர்களின் பெயர்களைத் தேடி, ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த சகோதரியைப் பொறுப்பாக்கினால் போதும். மாதம் ஒரு தடவை, காரணம் இல்லாமல், ஓர் அழைப்பு. எங்கள் மருத்துவமாதுமார் நூறு ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். நோய் வரும்வரை காத்திராமல் வாசலுக்குப் போய் "எப்படி இருக்கிறீர், பிள்ளை?" என்று கேட்கிறார்கள். உண்மையான பதில் வரும்வரை திண்ணையில் இருக்கிறார்கள்.